பட்டன் டப்பா

(இரவு 11.30. மகன், வயது 38, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு ஹாலில் புத்தகம் படிக்கிறான். அம்மா பழைய பிஸ்கட் டப்பாவுடன் வருகிறார்.)

அம்மா: தம்பி, இந்த ஊசியில் நூல் கோத்துக் கொடு. கண் சரியாகத் தெரியவில்லை.

மகன்: ஐயோ!

அம்மா: ஏன்டா அலறுகிறாய்? நூல் கோக்கத்தானே சொன்னேன்.

மகன்: கையில் என்ன அது?

அம்மா: பட்டன். பாப்பா யூனிஃபார்மில் ரெண்டு அறுந்துவிட்டது. டப்பாவில் வெள்ளை தீர்ந்துபோச்சு, கறுப்புதான் இருக்கிறது.

மகன்: கறுப்பா? அம்மா, நீ அங்கேயே நில். கிட்டே வராதே.

அம்மா: அப்படி என்னதான் படிக்கிறாய்?

மகன்: பாப்பாவுக்கு வாங்கியது. 'கோரலைன்'. நீல் கெய்மன் எழுதி 2002-ல் வந்தது. குழந்தைகள் கதைதான். கொடுப்பதற்கு முன்னால் நாம் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று...

அம்மா: பார்த்த லட்சணம் நெற்றியில் வேர்த்திருக்கிறது. அதென்ன கோரலைன்?

மகன்: கதையில் வருகிற சிறுமியின் பெயர். கேரலைன் என்று டைப் அடிக்கப் போய் எழுத்து இடம் மாறிவிட்டதாம். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே வைத்துவிட்டார்.

அம்மா: உன் கல்யாணப் பத்திரிகையில் 'மணமகன்' என்பதை 'மனமகன்' என்று அடித்துக் கொடுத்தார்களே. நாமும் அப்படியே வைத்துக்கொண்டோம். திரும்ப அடிக்கக் காசில்லை. சரி, கதையைச் சொல்லு.

மகன்: பழைய பெரிய வீடு. அதைப் பிரித்துக் குடித்தனம் விட்டிருக்கிறார்கள். ஹாலில் ஒரு கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். திறந்தால் செங்கல் சுவர்.

அம்மா: நம் ஹவுஸ் ஓனர் தன் சாமானைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாரே, அந்த ரூம் மாதிரி.

மகன்: அதை ஏன் இப்போது ஞாபகப்படுத்துகிறாய்?

(இருவரும் அந்தக் கதவைப் பார்க்கிறார்கள். உள்ளே ஏதோ 'டொக்' என்கிறது.)

அம்மா: எலிடா. மேலே சொல்லு.

மகன்: ஒருநாள் திறந்தால் சுவரைக் காணோம். இருட்டாக ஒரு நடை. அந்தப் பக்கம் அச்சு அசலாக இதே வீடு. அங்கே இன்னொரு அம்மா. கண் இருக்கிற இடத்தில் ரெண்டு கறுப்பு பட்டன்.

அம்மா: சமையல் எப்படி?

மகன்: பிரமாதம். கோழியை முழுசாக வாட்டி வைப்பாள். கண்ணே மணியே என்று கொஞ்சுவாள், ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். இங்கேயே இருந்துவிடு, உன் கண்ணிலும் பட்டன் தைத்துவிடுகிறேன் என்பாள். ஊசி நூலெல்லாம் ரெடி.

அம்மா: பெற்றவள்?

மகன்: கம்ப்யூட்டரே கதி. அப்பாவும் அப்படித்தான். அவர் புதுசு புதுசாக ஏதாவது சமைப்பார். அந்தப் பெண் வாயிலேயே வைக்க மாட்டாள்.

அம்மா: போன வாரம் நீ ராகி மாவில் நூடுல்ஸ் செய்தாயே, அது மாதிரி.

மகன்: அந்த அப்பா நல்லவர், அம்மா. மகளோடு நடந்து போகும்போது குளவிக் கூட்டை மிதித்துவிடுகிறார். 'நீ ஓடு' என்று அவளை அனுப்பிவிட்டு, குளவியெல்லாம் தன்மேல் மொய்க்கட்டும் என்று நிற்கிறார். 39 கொட்டு. அவளுக்கு ஒன்றே ஒன்று.

அம்மா: பாத்ரூமில் பல்லி விழுந்தபோது பாப்பாவை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே தாழ் போட்டவன் நீ.

மகன்: அது ஒரு வேகத்தில்... கேளேன். ஓடும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி விழுந்துவிடுகிறது. அதை எடுக்கத் திரும்பவும் அங்கே போகிறார். முதலில் நின்றது தைரியமே இல்லையாம், வேறு வழியில்லாமல் நின்றாராம். குளவி இருப்பது தெரிந்து, பயந்துகொண்டே திரும்பிப் போனாரே, அதுதான் தைரியமாம்.

அம்மா: பயந்தால்தான் தைரியமா? அப்படியென்றால் நம் தெருவிலேயே பெரிய வீரன் நீதான்.

மகன்: சிரிக்காதே. குழந்தைகள் இதைச் சாகசக் கதை மாதிரி படித்துவிடுகிறார்கள், பெரியவர்களுக்குத்தான் கெட்ட கனவு வருகிறது என்று எழுதியவரே சொல்லியிருக்கிறார். இதைப் பாப்பாவிடம் கொடுக்கலாமா என்றுதான் யோசனை.

அம்மா: அந்தக் கை எந்த இடத்தில் வந்திருக்கிறது?

மகன்: எந்தக் கை?

அம்மா: பட்டன்காரியின் கைதான். துண்டாகித் தனியாக ஓடி வருமே, சாவியைத் தேடிக்கொண்டு. கோரலைன் கிணற்று மேலே துணியை விரித்து, பொம்மையெல்லாம் உட்கார வைத்து, சொப்பு விளையாடுகிற மாதிரி நடித்து, கையைக் கிணற்றில் விழ வைக்கிறாளே.

மகன்: அம்மா! நான் இன்னும் அதுவரைக்கும் வரவே இல்லை! உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உரிக்கும்போது பாப்பா சொன்னாள். முழுசாகப் படித்துவிட்டாளே.

மகன்: பயப்படவில்லையா?

அம்மா: பயந்தாளாம். அப்பாவிடம் சொன்னால் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடுவார், முடிவு தெரியாமல் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாளாம்.

மகன்: அட, அங்கேயும் இதேதான் நடந்தது! குழந்தைகளுக்கு இது ரொம்பப் பயங்கரமா என்று பார்க்க, எழுதியவருடைய ஏஜென்ட் தன் மகளுக்குப் படித்துக் காட்டினார். பயமே இல்லை என்றது அந்தக் குழந்தை. வளர்ந்த பிறகுதான் உண்மையைச் சொன்னது.

அம்மா: சரி, பயப்படாதே கண்ணு. என் செல்லமில்லையா? பசிக்கிறதா? நெய் விட்டு ரெண்டு தோசை வார்த்துத் தரட்டுமா?

(மகன் மெல்லச் சுவரோரம் நகர்கிறான்.)

மகன்: அம்மா... என்னை ஒரு தடவை திட்டு.

அம்மா: எருமை! அர்த்த ராத்திரியில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கரண்ட் பில்லை உங்க அப்பாவா வந்து கட்டுவார்?

மகன்: அப்பாடா! ரெண்டு போதாது, நாலாக ஊற்று.