மூணாவது பேட்டரி

போன மாதம் எங்கள் சின்னவனுக்கு நாலு வயது முடிந்தது. பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியிலேயே பந்தல் போட்டு, கேக் வெட்டி, நாற்பது பேருக்குச் சாப்பாடு. ராத்திரி எல்லோரும் கிளம்பிய பிறகு வந்ததையெல்லாம் பிரித்து எண்ணினோம். மொத்தம் 23. கார் 9, அதில் ரிமோட் வைத்தது 6. துப்பாக்கி 4. பாட்டுப் பாடுகிற ஐட்டம் 3. டி-ஷர்ட் 2, வெள்ளிக் கிண்ணம் 1, கிரிக்கெட் மட்டை 1, ஒரு பை நிறைய டைனோசர். அப்புறம் சுவர்க் கடிகாரம் 2. நாலு வயதுப் பிள்ளைக்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு என்று நானும் கேட்கமாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அதே மாதிரி கடிகாரங்கள் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கின்றன.

பாட்டுப் பாடும் மூன்றில் ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு யானை. தும்பிக்கையை அமுக்கினால் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும், ஏபிசிடி பாடும். நாலு நாள் வீடு முழுக்க ஏபிசிடி. ஐந்தாம் நாள் சத்தம் நின்றது. அப்பாடா என்று அடுப்படியில் வேலையாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, ஏன் நின்றது?

கூடத்தில் யானை மல்லாந்து கிடந்தது. வயிற்று மூடி தனியாக, பாயில் இரண்டு பொத்தான் பேட்டரி. உள்ளே குழி மூன்று. மூடியில் திருகாணி போடுவதற்கு ஓட்டைகூட இல்லை, வெறும் கொக்கி. நகத்தால் நெம்பினால் வந்துவிடும்.

“ஏலே, இதுல மூணாவது எங்க?”

“சாப்பிட்டாச்சு.”

எனக்குக் கால் ஓடவில்லை. “யாருல சாப்பிட்டா?”

“எல்லாரும்.”

இவர் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாயிற்று. அவன் கையை உதறிக்கொண்டு, “அம்மா, இட்லி ஆறிரும்” என்றான். திரும்பிப் பார்த்தால் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, பெரியவளுடைய பழைய சொப்பு சாமான்கள் வரிசையாக இருக்கின்றன. அடுப்பு, அதன்மேல் கட்டைவிரல் உயர இட்லிக் கொப்பரை, மூடி போட்டு. மூடியைத் திறந்தால் உள்ளே மூணாவது பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. எதிரே டைனோசர்கள் ஆறேழு பந்தியில் உட்கார்ந்திருந்தன. சாப்பிட்ட ‘எல்லாரும்’ அவைதான்.

மூன்றும் கையில் இருந்தும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் வந்தோம். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “வந்தது சரிதாம்மா” என்றார்.

ஏன் என்பதைப் பலரும் தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை, நானும்தான். பொத்தான் பேட்டரியை முழுங்கினால், பேட்டரிக்குள்ளே இருக்கும் மருந்து கசிந்து விஷமாகும் என்று நினைத்திருந்தேன். விஷயம் அதைவிட மோசம். உணவுக்குழாயில் ஈரமான சதை இரண்டு பக்கமும் ஒட்டியதும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. அது அந்த இடத்தில் காரத்தை உண்டாக்கி, சதையை அப்படியே அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணாகிவிடும். ரிமோட்டுகளில், எடை மெஷினில் வருகிற ஒரு ரூபாய்க் காசு அளவு லித்தியம் பேட்டரி இருக்கிறதே, 20 மில்லிமீட்டர் அகலம், அதுதான் பிள்ளைத் தொண்டையில் சரியாகச் சிக்குகிற அளவு. முழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று உட்காராமல், நேரே ஆஸ்பத்திரிதான்.

காந்தமும் இதே ரகம். சின்னச் சின்ன பலமான காந்தக் குண்டுகள் இரண்டை வேறு வேறு நேரத்தில் முழுங்கினால், குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் குடல் சுவரைக் கவ்விக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகிற வண்ண மணிகள், பூச்சாடியில் போடுவார்களே, அது வயிற்றுக்குள் போனாலும் ஊதும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த மூன்றுக்கும் இடம் கிடையாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

சட்டம் என்றதும் ஞாபகம். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளை ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கிற உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைத் தட்டினால் நிஜமா டூப்பா என்று தெரிந்துவிடும். எங்கள் யானை அட்டையில் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. கடையில் தொங்குவதை அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? ஒரு விஷயம் மட்டும், பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்கிற பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவைக்கும் இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டியில் முத்திரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கிற வயதையும் நாம் பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறோம். “என் பையன் ரொம்ப ஷார்ப், ஆறு வயசுக்குப் போட்டிருக்கிறதே அவனுக்குச் சரியா இருக்கும்” என்பார்கள். ‘0-3’ என்று வட்டம் போட்டு அடித்திருப்பதற்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை. தொண்டை அகலத்தைத்தான் சொல்கிறார்கள். பொம்மை சோதிக்கிற இடங்களில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்குகிற துண்டு எதுவும் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளையின் பொம்மையில் இருக்கக் கூடாது. நம் பிள்ளைக்கு நாலு ஆகிவிட்டாலும், வீட்டில் தவழ்கிற இன்னொன்று இருந்தால் கணக்கு அதற்குத்தான்.

இது பயம் பற்றிய பகுதி, இத்தோடு விடுகிறேன். எனக்கு உண்மையில் பேச வேண்டியது அந்தக் கொப்பரையைப் பற்றி.

அந்த 23-ல் மிக விலையுயர்ந்தது ஒரு ரிமோட் ஜீப். அதன் கதையைப் பார்த்தேன். முதல் நாள் இவர் ஓட்டினார். பிள்ளை பின்னால் ஓடினான். இரண்டாம் நாள் மச்சினர் ஓட்டினார். பிள்ளை ரிமோட்டைக் கேட்டு அழுதான். மூன்றாம் நாள் அவன் கைக்கு வந்தது, கட்டிலுக்கு அடியில் மோதியது, முன் சக்கரம் சாய்ந்தது. இப்போது அந்த ஜீப்பை ரிமோட் இல்லாமல் கையால் தள்ளி, ‘உர்ர்ர்’ என்று வாயால் சத்தம் கொடுத்து விளையாடுகிறான். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. ரிப்பேரான பிறகுதான் அது அவன் பொம்மையாக ஆனது.

பொம்மை எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு பிள்ளைக்கு வேலை குறைவு. பாடுகிற யானைக்கு முன்னால் அவன் பார்வையாளன். வாயில்லாத மரக் கொப்பரைக்கு முன்னால் அவன் சமையல்காரன், பந்தி விசாரிப்பவன், டைனோசர்களை அதட்டுகிறவன்.

இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. 1837-ல் ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்த ஃப்ரோபெல், ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரைக் கொடுத்தவர், தன் விளையாட்டுச் சாமான்களுக்கு வைத்த பெயரே ‘பரிசுகள்’ என்பதுதான். முதல் பரிசு நூல் கோத்த ஆறு கம்பளிப் பந்து. இரண்டாவது மர உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, ஒரு மரக் கட்டையை எட்டாக வெட்டியது. நம்ம ஊர் விசேஷத்தில் எட்டு மரத்துண்டைக் காகிதம் சுற்றிக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நமக்கும் பழக்கம் இல்லாததா? காவிரிப்பூம்பட்டினத்தில் பிள்ளைகள் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேரை உருட்டித் திரிந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மூன்று சக்கரம், கைதான் இன்ஜின்.

இனி சண்டைக்கு வருகிறேன். சொப்பு சாமான் பெரியவளுடையது. எங்கள் அம்மா அம்பாசமுத்திரத்தில் வாங்கிக் கொடுத்தது, கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய மரச் சொப்பு. உரல், திருகை, குடம், பூரிக்கட்டை எல்லாம் உண்டு. சின்னவன் அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, முகம் சரியில்லை. ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஏம்மா, ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா சொப்பு? பாக்குறவன் என்ன சொல்லுவான்?”

“நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு சொதி வச்ச தவசிப்பிள்ளை ஆம்பளதானே மாமா. அந்தச் சொதிய இன்னைக்கும் சொல்லிச் சொல்லி ஊறுதீங்க.”

அத்தை உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. மாமா பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான் ஜெயித்ததாகவெல்லாம் நினைக்கவில்லை, அவர் வளர்ந்த காலம் அப்படி. தெய்வத்தையோ பெரியவரையோ ஆண் குழந்தையாக வைத்துப் பாடுகிற ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவம் என்ன? சிற்றில், சிறுபறை, சிறுதேர். பறை கொட்டுவதும் தேர் உருட்டுவதும் சரி. சிற்றில் என்றால், பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய சின்ன வீட்டைக் காலால் எத்திச் சிதைப்பது. “எங்கள் சிற்றில் சிதையேலே” என்று அவர்கள் கெஞ்சுவார்கள், அதைத்தான் பாட்டாகப் பாடினார்கள். தமிழாக ரசிக்கலாம், நானும் ரசித்துப் படித்தவள்தான். ஆனால் பையன் என்றால் உடைப்பவன், பொண்ணு என்றால் கட்டுபவள் என்பதைத்தான் பொம்மைக் கடையில் நீலப் பக்கம், ரோஸ் பக்கம் என்று இன்னும் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்பது கார் வந்த வீட்டில் ஒரு பாப்பா பொம்மை வரவில்லை. நாளைக்கு இவன் அப்பா ஆகமாட்டானா?

துப்பாக்கி விஷயத்தில் நான் சாமியார் இல்லை. தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி அழுத பரம்பரை நாங்களும். துப்பாக்கியே வாங்கித் தராத வீட்டில் பிள்ளை முருங்கைக்காயை நீட்டிச் சுடும். இருந்தாலும் நாலு வயதுக்கு நாலு துப்பாக்கி அதிகம். அதிலும் ஒன்று பிளாஸ்டிக் குண்டு தெறிக்கிற ரகம். கண்ணுக்கு ஆபத்து என்று அன்றைக்கே குப்பைக்குப் போனது. சந்தேகமே இல்லாமல் செய்த ஒரே காரியம்.

மிச்சம் இருந்ததில் பாதியைப் பரணில் ஏற்றிவிட்டேன். 2018-ல் அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மையோடும், இன்னொருமுறை 16 பொம்மையோடும் விட்டுப் பார்த்தார்கள். நாலோடு இருந்தபோது ஒவ்வொன்றையும் கூடுதல் நேரம், வேறு வேறு விதமாக வைத்து விளையாடின. அவை ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகள், இவன் பெரியவன். ஆனால் வீட்டில் பார்த்தது அப்படியேதான். கண்ணில் படுவது குறைந்ததும் சண்டையும் குறைந்தது. அவ்வப்போது இரண்டை இறக்கி இரண்டை ஏற்றுகிறோம். இறங்குவது புதுசாகவே தெரிகிறது அவனுக்கு.

“சரி, என்னதான் வாங்கட்டும்?” என்று என் தோழி கேட்டாள். எனக்குத் தோன்றுவது பந்து. உலக சுகாதார நிறுவனம் 3-4 வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று 2019-ல் சொன்னது, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற ஓட்டம். பந்து ஒன்று இருந்தால் அதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டாம். வாளியும் சின்ன மம்பட்டியும், வீடு கட்டுகிற எந்த வாசலிலும் மணல் கிடைக்கும். பெரிய துண்டுகளாக இருக்கிற அடுக்குக் கட்டைகள், பிளாஸ்டிக்கோ மரமோ. களிமண், சிலேட்டு, ஒரு பெட்டி கலர் சாக்பீஸ். படம் நிறைந்த தமிழ்க் கதைப் புத்தகம், ஆனால் புத்தகம் கொடுப்பவர் உட்கார்ந்து ஒருமுறை படித்தும் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஒன்றும் வாங்க வேண்டாம் என்றாலும் சரிதான். ஐஐடி கான்பூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துப் பிள்ளைகளுக்கு உருவங்கள் கோக்கச் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள். சின்னக் கைக்குத் தீக்குச்சி இப்போது வேண்டாம், ஈர்க்குச்சியும் ஓலையும் போதும். எங்கள் ஆச்சி பனையோலையில் கிலுக்கு முடைந்து உள்ளே நாலு புளியங்கொட்டை போட்டுத் தருவாள்.

ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பந்தை எப்படிக் காகிதம் சுற்றுவது? விசேஷ வீட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைக்கு வாங்குவதில்லை. மேடைக்கு வாங்குகிறோம். போட்டோவில் பெட்டி தெரிய வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு எது பெரிய பெட்டியோ அதுதான் மரியாதை. கடைக்காரருக்கும் அது தெரியும், பொம்மை பாதி, காற்று பாதி என்று பெட்டி செய்து வைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டுப் பையனுக்கு நாலாவது பிறந்தநாள். ஒரு ரப்பர் பந்து, வாளி, மம்பட்டி, ஒரு கதைப் புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். கூடவே அம்பாசமுத்திரத்துச் சொப்பு ஒரு செட். “இதையா கொண்டுபோகப் போற?” என்றார் இவர். கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பரணிலிருந்து அந்த ரிமோட் ஜீப்பின் காலிப் பெட்டியை இறக்கி, எல்லாவற்றையும் அதில் போட்டு ஜிகினாக் காகிதம் சுற்றிக் கொண்டுபோவது என்று முடிவாகியிருக்கிறது.