போட்டோ எடுத்தது யாரு?

பெண்ணான நான் தனியாகக் காரில் நயாகரா அருவிக்குப் போய்வந்து போட்ட படத்துக்குக் கீழே ஒருவர் ஒரு கமென்ட் போட்டார். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள், இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு அதுவும் ஒரு விளம்பரம்.

"சகோ, தனியாத்தான் போனேன்னு சொல்றீங்க. அப்போ இந்த போட்டோவை எடுத்தது யாரு?" பக்கத்திலேயே ஒரு கண்ணடிக்கும் பொம்மை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நயாகராவில் அருவியை நின்று பார்க்கிற டெரபின் பாயின்ட் கம்பி ஓரம் என்னை அந்தப் படம் எடுத்தவர் ஒரு வயதான பஞ்சாபி அம்மா. மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழெட்டு படம் எடுத்தார், பாதியில் அருவியைவிட அவர் விரல்தான் பெரிதாக விழுந்திருந்தது. நான் போட்ட படத்திலும் இடது ஓரத்தில் மங்கலாக ஒன்று தெரியும். அதுவும் அவர் விரல்தான். துப்பறியும் சாம்புகள் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் சொல்லியாகிவிட்டது. இப்போது என் கேள்வி. இதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

இதைக் கேட்ட அந்த சகோ லடாக்குக்கு பைக்கில் போய்வந்தார். அங்கே கர்துங் லா கணவாய்ப் பலகைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற படம், மேலே "சோலோ ரைடு". கீழே "மாஸ் ப்ரோ", "வேற லெவல்". அந்த வரிசையில் என் வாழ்த்தும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இரண்டு கையும் விரிந்திருக்கிறதே, கேமராவைப் பிடித்தது யார் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அவர் தனியாகப் போனால் சாகசம், நான் போனால் விசாரணைக் கமிஷன்.

தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். சுற்றுலா இடத்தில் தனியாக நிற்கிற ஆள்தான் ஊருக்கே போட்டோகிராபர். கையில் பை இல்லை, இடுப்பில் குழந்தை இல்லை, முகத்தில் அவசரம் இல்லை. போனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அருவியை ஒட்டிய கோட் ஐலண்ட் தீவில் அன்று நான் எடுத்துக்கொடுத்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடி, மூன்று தலைமுறையாக வந்திருந்த குஜராத்திக் குடும்பம், மழைக்கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அழுத ஒரு வாண்டு. தாத்தா முதல் பேரன் வரை ஒருத்தர் விடாமல் இருக்கிற படம் என்றாலே, அந்தப் பக்கம் நின்றவர் முன்பின் தெரியாதவர் என்றுதானே அர்த்தம்? அந்தப் படங்களுக்குக் கீழே யாராவது போய் "எடுத்தது யாரு" என்று கேட்டீர்களா?

இன்னொருவர் கொஞ்சம் மரியாதையாகவே கேட்டார். உங்கள் சியாட்டில் பக்கத்திலேயே ஸ்னோக்வால்மி அருவி 268 அடி உயரம், நயாகராவைவிட அதிகம், பிறகு எதற்கு நாட்டின் அந்தக் கோடிக்கு காரில் போக வேண்டும் என்று. இது கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சந்தோஷம்தான். ஐ-90 நெடுஞ்சாலை சியாட்டிலில் ஆரம்பித்து பாஸ்டனில் முடிகிறது. சுமார் 3,000 மைல், 13 மாநிலங்கள், கடிகாரத்தை மூன்று முறை மாற்ற வேண்டும். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பஃபலோவில் கொஞ்சம் விலகினால் நயாகரா. உயரத்தைப் பார்க்கப் போகவில்லை ஐயா, தண்ணீரைப் பார்க்கப் போனேன். அமெரிக்காவும் கனடாவும் 1950இல் போட்ட ஒப்பந்தப்படி, சீசன் காலத்தில் பகல் முழுக்க நொடிக்கு குறைந்தது ஒரு லட்சம் கன அடி விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி. மிச்சம் மின்சாரத்துக்குப் போகிறது. மேட்டூரில் ஒரு லட்சம் கன அடி திறந்தால் நம் டிவிக்காரர்களுக்கு அன்று முழுக்க அதுதான் செய்தி. அது இங்கே தினசரி நடக்கிறது. "அப்போ குழாயைத் திறந்து மூடுற மாதிரிதானே, இதுல என்ன இயற்கை" என்று ஒரு அறிவாளி. போய் நின்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சரி, "அக்கறையில்தானே கேட்டார், தப்பாக எடுத்துக்கொள்ளலாமா" என்று சிலர் இன்பாக்ஸில் சமாதானம் பேசுகிறீர்கள். அக்கறையா? அக்கறை உள்ளவர் டயர் எப்படி இருந்தது என்று கேட்பார். மொன்டானாவில் மணிக்கணக்கில் போன் சிக்னல் கிடைக்காதே, என்ன செய்தாய் என்று கேட்பார். இரவில் எங்கே தங்கினாய் என்று கேட்பார். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடவில்லை, இருட்டுவதற்குள் ரூம் போட்டுவிடுவேன், நான் எங்கே இருக்கிறேன் என்பது வீட்டுக்காரர் போனில் தெரிந்துகொண்டே இருந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, "நீ போய்ட்டு வா" என்றார்... பாருங்கள், மறுபடியும் கூண்டில் ஏறி சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பழக்கத்தைத்தான் எங்களுக்கு வைத்துவிட்டீர்கள்.

"பணத்திமிர்" என்றவருக்குப் பதில் கிடையாது.

நயாகராவில் ஆனி எட்சன் டெய்லர் என்று ஒரு பெண்மணியின் கதை சொல்வார்கள். கணவரை இழந்த பள்ளி ஆசிரியை. 1901 அக்டோபர் 24, தன் 63ஆவது பிறந்த நாளில், மரப் பீப்பாய்க்குள் மெத்தையை அடைத்து, அடியில் பாரத்துக்குப் பட்டறைக்கல்லை வைத்து, சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றச் சொல்லி, நயாகராவின் பெரிய அருவியான ஹார்ஸ்ஷூவில் இறங்கினார். பீப்பாயில் அந்த அருவியைத் தாண்டி உயிரோடு வந்த முதல் ஆள் அவர்தான். இதை வைத்து நாலு காசு பார்த்து முதுமையை ஓட்டிவிடலாம் என்று கணக்கு. மேனேஜர் பீப்பாயோடு ஓடிவிட்டார். அந்த அம்மா கடைசிக் காலத்தில் அங்கேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் தபால் அட்டை விற்று, 1921இல் ஏழையாகவே இறந்துபோனார். அவர் இறங்கிப் பத்து வருஷம் கழித்து, 1911இல் அதே அருவியில் இரும்புப் பீப்பாயில் இறங்கிய பாபி லீச் என்ற ஆண் அதைக் காட்டியே நாடு நாடாகச் சுற்றினார்.

"நீயும் அவங்களும் ஒண்ணா?" என்று கிளம்பாதீர்கள். நான் குதிக்கவில்லை, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஹோண்டாவில் போனேன். அவ்வளவு சாதாரணமான ஒரு காரியத்துக்கே இந்தப் பாடு என்றுதான் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால் அந்த சகோ மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவர் யாரோ. அந்தக் கமென்ட்டுக்குக் கீழே விழுந்த "ஹா ஹா"க்களைத் தொட்டுப் பார்த்தேன், யார் யார் என்று. பார்த்திருக்கக் கூடாதோ என்னவோ. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். என்னிடம் அமெரிக்க விசாவுக்கு ஆலோசனை கேட்டவர்கள் இருக்கிறார்கள். என் பெரியம்மா பையன் இருக்கிறான். அது பரவாயில்லை, அவன் எதற்கும் சிரிப்பான். அக்கா போன் பண்ணி, "உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அம்மா, "அந்தப் படத்தை எடுத்துடேன், எதுக்கு வம்பு" என்கிறாள். எடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வரிசையில் ஒரு பெயர் இருந்தது. ஹாஸ்டலில் என் ரூம்மேட். மொட்டை மாடியில் உட்கார்ந்து, வேலைக்குப் போனதும் நாம ரெண்டு பேரும் ஒரு காரை எடுத்துக்கிட்டு எங்கேயாவது போய்க்கிட்டே இருக்கணும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். நான் இல்லை.

நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ எதற்குடி சிரித்தாய்? "சும்மா தமாஷுக்கு" என்று இன்பாக்ஸில் வராதே. எல்லோரும் பார்க்கத்தானே சிரித்தாய், பதிலையும் இங்கேயே போடு.