ஃப்ளோர் கட்டினால் கோடம்பாக்கம் வந்துவிடுமா?

பூந்தமல்லி பக்கம் திரைப்பட நகரம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து எத்தனை ஏக்கர், எத்தனை ஃப்ளோர் (செட் போட்டுப் படமெடுக்கும் கூடம்), எத்தனை கோடி என்றே பேச்சு ஓடுகிறது. அங்கே வேலை செய்யப்போகும் லைட்மேன் எங்கே குடியிருப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் நெருங்கி வாழ்ந்தால் அந்த வட்டாரத்தின் உற்பத்தித்திறன் கூடும் என்பது பொருளாதாரத்தில் பழைய செய்தி. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே சொல்லிவிட்டார். ஏன் கூடுகிறது என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கலைஞர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் ஐடியா பிறக்கும் என்கிறார்கள். பிறக்கலாம். ஆனால் சினிமாவில் பெரிய லாபம் அதில் இல்லை, காத்திருப்பு குறைவதில் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். யூனிட்டில் 120 பேர். காலை பத்து மணிக்கு ஒரு எச்எம்ஐ விளக்கின் (பகல்போல் வெளிச்சம் தரும் பெரிய விளக்கு) பேலஸ்ட், அதாவது அதற்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் பெட்டி, போய்விடுகிறது. மாற்று வர இரண்டு மணி நேரம் ஆனால் 240 ஆள்மணி வீண். 8 மணி நேரக் கால்ஷீட்டில் வகுத்தால் 30 பேரின் முழுநாள் சம்பளம். கோடம்பாக்கத்தை ஒட்டிய வடபழனியில் ஷூட்டிங் என்றால், கருவிகளை வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்டுக்கு ஒரு போன் போதும். வேறு பெட்டி வந்து இறங்குவதற்குள் இருக்கிற வெளிச்சத்தில் இரண்டு குளோஸப்பை எடுத்து முடித்திருப்பார்கள். இதே பழுது தேனிக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்தில் நடந்தால் அன்றைய பகல் போச்சு. அதற்குப் பயந்துதான் வெளியூர் போகிற மேனேஜர் பேலஸ்ட், கேபிள், லென்ஸ் என்று எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வண்டியில் ஏற்றுகிறார். பயன்படுத்தாமலே வாடகை ஏறும், கூட வரும் ஆளுக்கு பேட்டா ஏறும். அந்தக் கூடுதல் மூட்டை தேவைப்படாததுதான் கோடம்பாக்கத்தின் மதிப்பு. அதை எந்தப் புள்ளிவிவரத்திலும் தனி வரியாகப் பார்க்க முடியாது.

இன்டர்நெட் வந்த பிறகு இடம் முக்கியமில்லை என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. இரண்டரை மணி நேரப் படம், நொடிக்கு 24 பிரேம், மொத்தம் 2,16,000 பிரேம். ஒவ்வொரு பிரேமையும் தரம் குறையாமல் தனிப்படமாக வைக்கும் 4கே டிபிஎக்ஸ் கோப்பில் ஒரு பிரேம் ஏறக்குறைய 35 எம்பி. ஆக ஒரு படம் 7.6 டெராபைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இடைவிடாமல் ஏற்றினாலும் ஏழு நாள். சாலிகிராமத்திலிருந்து வடபழனிக்கு ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் போனால் டிராஃபிக்கோடு சேர்த்து அரை மணி நேரம்!

எடிட் லாக் ஆன பிறகு, அதாவது படத்தொகுப்பு இறுதியான பிறகு, இயக்குநர் மனம் மாறும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரு ஷாட்டில் 12 பிரேமைக் குறைத்தால் அந்த ரீலில் அதற்குப் பின் வருகிற வசனம், ஃபோலி (காலடி, கதவு போன்ற சின்னச் சின்ன ஒலிகள்), பின்னணி இசை எல்லாமே அரை நொடி விலகும். டப்பிங் தியேட்டர், எஃபெக்ட்ஸ், இசை, டிஐ (நிறம் திருத்தும் வேலை) என நான்கு இடத்திலும் அதே திருத்தம் போக வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் மிக்ஸிங்கில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். நான்கு இடமும் சில கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓர் உதவி எடிட்டர் ஒரு மாலைக்குள் நேரில் போய்ச் சரிபார்த்துவிடுவார். ரிலீஸ் தேதி நெருங்கும் நேரத்தில் அந்த ஒரு மாலை பெரிய விஷயம்.

கட்டடம் மட்டும் போதும் என்றால் இன்று தமிழ்ச் சினிமாவின் தலைநகரம் சேலமாக இருந்திருக்க வேண்டும். 1935இல் டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பர் எல்லாரும் ஒரே வளாகம், மாதச் சம்பளம், கறாரான நேரம். உள்ளே உற்பத்தித்திறன் அபாரம். ஆனால் சுவருக்கு வெளியே இரண்டாவது முதலாளி கிடையாது. வேலை போனால் அடுத்த வேலைக்கு ரயில் ஏற வேண்டும். அதனால் திறமை ஸ்டுடியோவுக்குச் சொந்தமாக இருந்ததே தவிர ஊருக்குச் சொந்தமாகவில்லை. இன்று அங்கே நிற்பது ஒரு நுழைவாயில் வளைவு. கோவையிலும் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று இருந்தன. ஏவி.எம். காரைக்குடியில் ஸ்டுடியோ நடத்திவிட்டு 1948இல் சென்னைக்கு வந்தது. போரின்போது சென்னையில் மின்சாரத்துக்குத் திண்டாட்டம், அதனால் காரைக்குடி. போர் முடிந்த சில ஆண்டுகளில் ஆளும் பொருளும் இருக்கிற இடத்துக்கே திரும்பினார்கள்.

அரசு முயன்று நகர்த்த முடியாதா என்றால், முடியும். ஹைதராபாத் அதற்குச் சாட்சி. ஆனால் எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள். 1970களில் அன்னபூர்ணா, 1996இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி, நடுவில் சலுகைகள், மானியம். தெலுங்குப் படத்தின் டப்பிங்கும் இசையும் அதன் பிறகும் பல காலம் சென்னையில் நடந்தன. ஏறக்குறைய ஒரு தலைமுறை. அங்கே ஃப்ளோரோடு நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபிலிம் நகர் என்று குடியிருப்பு வந்தது, பின்னால் தொழிலாளர்களுக்குச் சித்ராபுரி காலனி வந்தது. இங்கே 1990களில் தரமணியில் திரைப்பட நகரம் கட்டினோம். அந்த நகரத்தின் பெயர்தான் மாறியது, கோடம்பாக்கம் அங்கே குடிபோகவில்லை. திரைப்படத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியின் தொழிலாளர்களுக்கு இடம் கிடைத்தது மாமல்லபுரம் போகிற வழியில் பையனூரில். காலை ஆறு மணிக்கு வடபழனியில் வண்டி ஏற வேண்டிய ஆள் அங்கிருந்து எத்தனை மணிக்கு எழுவார்?

சரி, இப்படி உயர்கிற உற்பத்தித்திறனின் பலன் யாருக்குப் போகிறது? இங்கேதான், தொழில் ஓரிடத்தில் குவிவதைக் கிளஸ்டர், கிளஸ்டர் என்று பேசும் அறிக்கைகள் வாயைத் திறப்பதில்லை. பெரும்பகுதி நிலத்துக்குப் போகிறது. வாகினி ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் இருக்கின்றன. ஜெமினி ஸ்டுடியோவின் பெயர் மேம்பாலத்தில் தங்கிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, மனையின் விலை ஃப்ளோர் வாடகையைத் தாண்டினால் எந்த உரிமையாளரும் அதைத்தான் செய்வார். ஆனால் அதே விலைதான் உதவி ஒளிப்பதிவாளரை வளசரவாக்கத்துக்கும், பிறகு போரூருக்கும் தள்ளுகிறது. நெருக்கம் தந்த லாபத்தை வாடகையே தின்றுவிடுகிறது.

படைப்பாளிகளை வரவழைத்தால் நகரம் வளரும் என்று 2002இல் நகரியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபுளோரிடா சொன்னதும் மேயர்கள் பலர் உற்சாகமானார்கள். பொருளாதார அறிஞர் எட்வர்ட் கிளேசர் அதே தரவை எடுத்துப் பார்த்து, வளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் மக்களின் கல்வித்தகுதியே என்றார். எனக்கு கிளேசர் பக்கம்தான் சாய்வு. கோடம்பாக்கத்தில் அந்தக் கல்விக்குப் பெயர் அசிஸ்டன்ட். நான்காவது உதவியாளராகச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்கிற ஏணி. அது உடைந்தால் கட்டடம் இருந்தும் பயனில்லை.

வயலின் கலைஞர்களிடம் அந்த உடைவு நடந்துகொண்டிருக்கிறது. நான்கு மொழிப் படங்களுக்கும் வாசித்துப் பழகிய கைகள் இவை. நோட்ஸைப் பார்த்த முதல் டேக்கிலேயே சுருதி பிசகாமல் வாசிக்கிற வேகம் அப்படி வந்ததுதான். வாத்திய ஒலிகளை முன்பே பதிவுசெய்து கம்ப்யூட்டரில் வாசிக்கத் தரும் சாம்பிள் லைப்ரரி வந்ததும் சிறிய படங்கள் கையை விட்டுப் போயின. பெரிய படங்களோ புடாபெஸ்ட்டிலும் மாசிடோனியாவிலும் ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்கின்றன. மூத்த வாசிப்பாளர்களுக்கு இன்னும் அழைப்பு வருகிறது. வயலின் குழுவின் கடைசி டெஸ்க்கில் உட்கார்ந்து கற்க வேண்டிய இருபது வயதுப் பிள்ளைக்கு நாற்காலியே இல்லை.

ஆகவே பூந்தமல்லியில் ஃப்ளோர் கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மூன்று வேலை நடக்க வேண்டும். ஷூட்டிங் முடியும் நேரத்துக்கு, அதாவது இரவு பத்துக்கு மேலும், வடபழனிக்கு பஸ். வளாகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வாடகை வீடுகள், விற்பனைக்கு அல்ல. கேமரா, விளக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கு வாசலிலேயே சிறிய குடோன்கள், முதல் ஐந்தாண்டு பெயரளவு வாடகையில். இல்லாவிட்டால் பேலஸ்ட் போகும் ஒவ்வொரு முறையும் போன் சாலிகிராமத்துக்குத்தான் போகும், வண்டி பூந்தமல்லி ஹைரோட்டில் நிற்கும், 120 பேரும் காத்திருப்பார்கள்.