ஃபஸ் ஃபேஸும் கோலாலம்பூர் வெயிலும்
ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கருவிகளைப் பற்றி வந்த ஒரு கட்டுரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், 100 வாட் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) எல்லாம் சொன்னது. ஆனால் கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1966-இல் வந்த அந்தப் பெடலில் இருந்தவை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். சூடு ஏறினால் மின்கசிவு கூடும், பயஸ் (டிரான்சிஸ்டர் இயங்கும் மின்நிலை) நகரும், ஒலி சொதசொதத்துவிடும். லண்டன் குளிருக்குச் சரி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மதியம், ஏர்கான் இல்லாத அறையில் வாசித்துப் பாருங்கள், தெரியும்! நம் தம்பிகள் சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் ஃபேஸையே வாங்கலாம். ஹெண்ட்ரிக்ஸும் பின்னாளில் அதை வாசித்தவர்தான். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஒலி ஜெர்மேனியம் அளவுக்குத் தெளியாது, ஆனால் வெயிலுக்கு அசையாது. அப்புறம், அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்ப் வரவழைப்பவர்களே, அது 120 வோல்ட். நம் மின்சாரம் ஏறக்குறைய இரு மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகிவிடாதீர்கள்.