தண்ணீர் நிறைய குடிக்கணுமாம், கழிவறை பூட்டிக் கிடக்கு!

எங்கள் அலுவலகத்தில் இது 'வெல்னெஸ் வீக்'. வாசலில் பலூன் தோரணம். லிஃப்ட் கதவில் 'உங்கள் ஆரோக்கியமே எங்கள் சொத்து' என்று ஸ்டிக்கர். மேசையில் ஆளுக்கொரு பச்சைத் தண்ணீர் பாட்டில். அதில் கோடு போட்டு மணி வேறு அச்சடித்திருக்கிறார்கள்: பத்து மணிக்குள் இவ்வளவு, பன்னிரண்டுக்குள் இவ்வளவு. குடித்ததை ஆப்பில் பதிய வேண்டும். டீமுக்கு டீம் போட்டி, ஜெயித்தவர்களுக்குப் பரிசு.

நல்ல விஷயம்தானே, இதற்கென்ன புலம்பல் என்பீர்கள். எங்கள் தளத்தில் பெண்கள் கழிவறை பூட்டிக் கிடக்கிறது. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கதவில் ஒட்டிய தாளின் ஓரமெல்லாம் சுருண்டு, செல்லோடேப்பே மஞ்சளாகிவிட்டது. உள்ளே ஒரு ஆள் வேலை பார்த்து நான் கண்டதில்லை. அவசரத்துக்குக் கீழ்த்தளம் போக வேண்டும். அது வேறொரு கிளையண்டின் தளம், எங்கள் ஆக்சஸ் கார்டு அங்கே வேலை செய்யாது. உள்ளிருந்து யாராவது வெளியே வரும்வரை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தவம் கிடக்க வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரில் நம் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி, ஆள் இருக்கையில் இல்லை என்று மஞ்சளாகிவிடும். திரும்பி வந்தால் மேனேஜரின் 'ஆர் யூ தேர்?' காத்திருக்கும்.

இந்த லட்சணத்தில் எவள் தண்ணீர் குடிப்பாள்? எங்கள் வரிசையில் இருக்கும் பெண்கள் காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற பெண் எனக்கு அடுத்த இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர்ப் போட்டியில் எங்கள் டீமுக்குக் கடைசி இடம். 'லேடீஸ் கொஞ்சம் இன்ட்ரஸ்ட் காட்டுங்கப்பா' என்று குரூப்பில் செய்தி போடுகிறார் மேனேஜர். வயிற்றெரிச்சலா இல்லையா?

அப்புறம் 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' வெபினார். வைத்த நேரம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. அதாவது சாப்பாட்டு நேரம். வருகை 'விருப்பத்தின் பேரில்'தான், ஆனால் வராதவர்கள் பட்டியல் மேனேஜருக்குப் போகும். கேமரா ஆன் செய்திருக்க வேண்டும் என்பதால் டப்பாவைத் திறக்கவும் வழியில்லை. பசியோடு உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று செய்தோம். பேச வந்தவர் நல்ல மனிதர், அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் திரையைப் பார்க்காதீர்கள், ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள் என்றார். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு எங்களுக்கு நியூயார்க் ஆட்களோடு ஆன்லைன் கால். அது முடிந்து, அவர்கள் கேட்டதை அனுப்பிவிட்டுப் படுக்க ஒரு மணி. காலையில் பத்து மணிக்கு இங்குள்ள ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு மறுபடி ஆஜர்.

அந்த நியூயார்க் கால் நேரத்தை முன்னால் வைக்கச் சொல்லிப் பல தடவை கேட்டாயிற்று. மாலை ஏழரை என்றால் குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது, கோடையில் பத்து. அகால நேரம் ஒன்றும் இல்லையே, ஆபீஸ் நேரம்தான். ஏன் முடியாது என்று துருவித் துருவிக் கேட்டபோது வந்த பதில்: அங்குள்ள மேலாளர் காலையில் ஜிம்முக்குப் போவார், பதினொரு மணிக்கு முன்னால் மீட்டிங் வைத்தால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய உடம்பு உடம்பு. எங்களுக்குத்தான் பாட்டில் கொடுத்திருக்கிறார்களே.

நடைப் போட்டி இன்னொரு கூத்து. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி. அந்தக் கணக்கே 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்ற கம்பெனி ஒன்று தன் சரக்குக்கு வைத்த பெயரிலிருந்து பரவியதுதான். போகட்டும், நடப்பது நல்லதுதான். எங்கே நடப்பது? ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து வைத்த பிறகு நடைபாதை எது, பள்ளம் எது என்று தெரியாது. இருக்கையை விட்டு எழுந்தால் மஞ்சள் புள்ளி. போன தடவை முதல் பரிசு வாங்கியவர் போனைத் தன் பையனின் ஊஞ்சலில் கட்டிவிட்டவர். எல்லாருக்கும் தெரியும். கைதட்டி போட்டோ எடுத்து லிங்க்ட்இன்னில் போட்டார்கள்.

இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்பது என் கோபத்தில் வருகிற பேச்சு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய கடை நிறுவனத்தின் 160 கிளைகளில், கிட்டத்தட்ட 33,000 ஊழியர்களை வைத்து இப்படி ஒரு நலத்திட்டத்தைச் சோதித்தார்கள். முடிவு 2019-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கொஞ்சம் கூடினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் ஒன்றரை வருஷத்தில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னது இன்னும் நேரடியானது: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயில் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நம் பெரிய மனிதர்களோ 70 மணி நேரம் உழை, 90 மணி நேரம் உழை என்று மேடைக்கு மேடை ஏலம் விடுகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதி வைத்தது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்த மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இதை எச்.ஆரிடம், அதாவது மனிதவளத் துறையிடம், சொல்லிப் பாருங்கள், ஜோக் சொன்ன மாதிரி சிரிப்பார்கள்.

என் கதையாவது ஏ.சி.யில் உட்கார்ந்து புலம்புகிற கதை. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடையாது. ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆகணும் என்று மேலே சொன்ன அதே சட்டத்தில் 2021-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்ததே, அது யாருக்காம்? பலூன் தோரணத்துக்குக் கீழேதான் அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். தரை துடைக்கும் அக்காவிடம், "உங்களுக்குப் பாட்டில் கொடுக்கலையாக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்டாஃபுக்கும்மா, நாங்க கான்ட்ராக்ட்டு" என்று சொல்லிவிட்டு மாப்பைப் பிழியப் போய்விட்டார்.

சரி, குரூப்பில் கத்துவதைவிட நேரில் கேட்போம் என்று நாலு பேராகச் சேர்ந்து எச்.ஆரிடம் போனோம். கழிவறையைத் திறங்கள், நியூயார்க் கால் நேரத்தை மாலை ஏழரைக்கு மாற்றுங்கள், சாப்பாட்டு நேரத்தில் எதையும் வைக்காதீர்கள், வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். நான்கிலும் காசு செலவாகிறவை பிளம்பர் கூலியும் நாற்காலியும்தான், அதுவும் அந்தப் பலூன் செலவைத் தாண்டாது. எச்.ஆர். பெண் பொறுமையாக எழுதிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: கழிவறை ஃபெசிலிட்டீஸ் டிபார்ட்மென்ட் வேலை, கால் நேரம் கிளையண்டுக்கு வேலை முடித்துக் கொடுக்கும் டெலிவரி டீம் முடிவு, செக்யூரிட்டி வெளி கான்ட்ராக்ட் ஆள், எங்கள் கையில் வெல்னெஸ் மட்டும்தான் இருக்கு.