கோட் எழுதாதவருக்கும் ஓட்டு உண்டு
கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் கோட் (நிரல்) எழுதுபவர்களுக்கு மட்டுமே ஓட்டுரிமை வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) தயாரிக்காமல் மொழிபெயர்ப்பு, ஆவணம் என்று உழைப்பவர்களையும் முழு உறுப்பினராக்கலாம் என்று 2010-இல் ஓட்டெடுப்பு நடத்தியே முடிவு செய்தார்கள். அவர்களால் டெபியன் களஞ்சியத்தில் பேக்கேஜ் ஏற்ற முடியாது. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஏற்றும் அனுமதியையும் ஓட்டையும் தனித்தனியாகப் பிரித்ததுதான் கெட்டிக்காரத்தனம். அதற்காக உறுப்பினர் பதவியைக் கேட்டவுடன் தூக்கிக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும், ஜிபிஜி சாவிக்கு (ஆள் இவர்தான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி) மற்ற உறுப்பினர்களிடம் கையொப்பம் வாங்க வேண்டும், அப்புறம் கேள்வி பதில் என்று இழுக்கும். (அந்த இழுவை கொஞ்சம் அதிகம்தான்.) சரி, கமிட் (கோடில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையைப் பார்த்து ஓட்டுக் கொடுத்துப் பாருங்கள், நாலு எழுத்துப்பிழையை நாலு கமிட்டாகப் பிரித்து அனுப்ப ஆள் வரிசையில் நிற்கும்.