எங்களுக்கு மட்டும் ஏன் விலை உச்சவரம்பு இல்லை?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பர்கள் போன் செய்து, "இந்த மாசம் கேஸ் பில் பாத்தியா, அநியாயம்பா" என்று ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு பில்லாவது வருகிறதே! அதையும் வருஷம் முழுக்கச் சமமாகப் பிரித்து மாதா மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்காக இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமம் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இந்த ஊருக்குக் கேஸ் குழாயே வரவில்லை. தோட்டத்து மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டேங்க், அதற்குள் மண்ணெண்ணெய். ஆமாம், ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று வாங்கி வந்து திரி ஸ்டவ்வில் ஊற்றினோமே, கிட்டத்தட்ட அதே சரக்குதான். அதைக் கொளுத்தித்தான் இங்கே வீட்டைச் சூடாக்குகிறோம்.

வேண்டும் அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். லாரி வரவேண்டுமென்றால் குறைந்தது 500 லிட்டர். லிட்டர் 65 பென்ஸ் என்று வைத்தால் 325 பவுண்டு, 5 சதவீத வாட் வரி சேர்த்தால் 341. மொத்தமாக, ஒரே அடியில். இது பழைய கல் வீடு. சுவருக்குள் இடைவெளி இல்லாததால் குளிர் தடுக்கும் பஞ்சு நிரப்பவும் வழியில்லை. மார்கழியில் ஊற்றிய எண்ணெய் தை முடிவதற்குள் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அவ்வளவு பணம் கையில் இல்லாதவர்கள் 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள், லிட்டருக்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்து. இல்லாதவனிடம்தான் எப்போதும் கூடுதலாகப் பிடுங்குவார்கள், அதில் இங்கிலாந்து என்ன, நம்மூர் என்ன.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுமானி எப்போதோ செத்துவிட்டது. வீட்டுக்காரர் மாற்றுகிறேன் என்கிறார், மாற்றுகிறார், மாற்றிக்கொண்டே இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து வந்து, மொபைல் வெளிச்சத்தில் டேங்க் மூடியைத் திறந்து, செடிக்கு ஊன்றும் மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எந்த மட்டம் வரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு சோப்பு போட்டாலும் கையை விட்டு அந்த வாடை போகாது. பார்க்காமல் விட்டாலோ, அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் குழாய்க்குள் ஏறி, காற்று அடைத்து, அதை எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிடும். அப்புறம் எண்ணெய் வந்தாலும் பாய்லர் பற்றிக்கொள்ளாது. ஆள் வந்து காற்றை எடுத்துவிட வேண்டும், அதற்குத் தனிக் காசு.

சரி, விலைக்காவது ஒரு வரம்பு உண்டா? 2019 ஜனவரியிலிருந்து எரிசக்திக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஜெம் விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. கரண்டுக்கும் குழாய் கேஸுக்கும் மட்டும். எண்ணெய்க்கும் சிலிண்டர் கேஸுக்கும் கிடையாது. 2020 கோடையில் லிட்டர் 30 பென்ஸுக்கும் கீழே கிடைத்தது. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், ஒரு பவுண்டைத் தாண்டியது. காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. நியாயமாகச் சொன்னால், உலகம் அமைதியாக இருக்கும்போது எண்ணெய்ச் சூடும் கேஸ் சூடும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. எங்கோ குண்டு விழுந்தால் அந்த அடி நேராக எங்கள் டேங்கில் விழுகிறதே, நடுவில் தடுக்க ஒருவர்கூட இல்லையே, அதுதான் எரிச்சல்.

2022 இலையுதிர்காலத்தில் கேஸ் குழாய் உள்ளவர்களுக்கெல்லாம் யூனிட் விலையையே அரசு பிடித்து நிறுத்தியது. எங்களுக்கு? முதலில் 100 பவுண்டு என்றார்கள். கூச்சல் எழுந்ததும் 200 ஆக்கினார்கள். பெரும்பாலானோருக்கு அது கைக்கு வந்தது 2023 பிப்ரவரியில், குளிர்காலம் மூட்டை கட்டும் நேரத்தில்.

ஆனால் கார்பன் புகையைக் குறைக்கிறோம் என்று தடை போடும்போது மட்டும் எங்கள் ஞாபகம் முதலில் வந்துவிடும். கேஸ் பாய்லருக்கு 2035 வரை அவகாசம், எங்களைப் போன்ற வீடுகளில் புது எண்ணெய் பாய்லருக்கு 2026லேயே முற்றுப்புள்ளி என்று திட்டம் போட்டார்கள். பிறகு 2023 செப்டம்பரில் அதையும் தள்ளிவைத்தார்கள். வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் இழுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப் போட அரசு மானியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரருக்கு. அளவுமானி மாற்றாத மனிதர் ஹீட் பம்ப் போடப் போகிறாரா? கரண்ட் ஹீட்டர் வைத்தால் யூனிட் 25 பென்ஸ் கணக்கில் 2 கிலோவாட் பெட்டி மணிக்கு 50 பென்ஸ் தின்னும், ஓர் அறைக்கு மட்டும்.

இதில் இலவச ஆலோசனை வேறு. மாதத் தவணையில் கட்டலாமே என்கிறார்கள். அது நம் காசை முன்கூட்டியே அவர்களிடம் சேர்த்துவைப்பது, விலை ஏறினால் ஏறியதுதான். ஊரார் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் லிட்டருக்குச் சில பென்ஸ் குறையும், அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஆகஸ்ட்ல விலை கம்மியா இருக்கும், அப்பவே டேங்கை ரொப்பிடணும்" என்கிறார்கள். ஐயா, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. சென்னைக்கு நாலு டிக்கெட் எடுத்த பிறகு, குளிரே இல்லாத மாதத்தில் எண்ணெய் வாங்கி வைக்க 700 பவுண்டு எந்த வீட்டில் சும்மா கிடக்கிறது?